இருபத்தைந்து டிக்கும் ஒரு கோடும்

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய சிஸ்டரை அவருடைய மகனே கைத்தாங்கலாக அழைத்துவந்து, பெண்கள் மனநல வார்டின் கம்பிக்கதவு முன்னால் நிறுத்தினான். இருபத்தெட்டு வருஷம் அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் உத்தரவு போட்ட வாய் அன்றைக்கு உலர்ந்து கிடந்தது. கதவைத் திறந்த வார்டு உதவியாளருக்குச் சாவிக்கொத்து அண்ணன் என்று பெயர். பழக்கதோஷத்தில் அவர் கை சல்யூட்டுக்கு எழும்பி, பாதியில் சந்தேகப்பட்டு, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

விஷயம் அரைமணி நேரத்தில் மருந்துக்கடை வரை போய்விட்டது. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம்தானாம், மூன்று வாரமாகச் சாப்பாடே இல்லையாம், சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாராம் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்கள். ஆனால் எல்லோர் வாயிலும் ஊறியது வேறொரு கேள்வி. இப்போது அந்த வார்டுக்குப் பொறுப்பு யார்? தோணல் சிஸ்டர் அல்லவா! இனிமேல் வேடிக்கைதான் என்று மருந்துக்கடைக்காரர் நாற்காலியை வார்டுப் பக்கம் திருப்பியே போட்டுக்கொண்டார்.

தோணல் சிஸ்டர் என்ற பெயர் வந்த கதை தெரியாமல் மேலே போனால் ருசிக்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வார்டில் ரேடியோ அக்கா என்று ஒரு நோயாளி இருந்தாள். தன் வயிற்றுக்குள் ரேடியோ ஓடுகிறது, அதில் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்பாள். மற்ற நேரத்தில் தங்கமான தையல்காரி. ஒருநாள் ரேடியோச் சத்தம் அதிகமாகி அவள் ஜன்னலில் தலையை மோதிக்கொள்ள, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலில் பட்டை போட்டுக் கட்டினார்கள். கட்டினால் ஒரு விதி உண்டு. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். பட்டையைத் தளர்த்தி, விரல் நிறம் பார்த்து, தண்ணீர் கொடுத்து, அந்த நேரக் கட்டத்தில் எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போடவேண்டும்.

பெரிய சிஸ்டருக்கு இதில் ஒரு கைவேலை பழகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்து, சாயங்காலம் ஆறு மணி வரைக்குமான இருபத்தைந்து கட்டங்களையும் ஒரே மூச்சில் டிக் அடித்து, "அமைதியாக இருக்கிறார், தண்ணீர் குடித்தார்" என்று நிரப்பிவிடுவார். கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காலியாக விடுவார். அது பிற்பாடு எந்தச் சின்னப்பெண் மாட்டுகிறாளோ அவளுக்கு. அப்படி அவர் நிரப்புவதை அன்று கண்ணால் பார்த்தவள், வேலைக்கு வந்து மூன்று வருஷமான ஒரு சின்னப்பெண். "என்னடி முழிச்சுட்டு நிக்குற? போய் மாத்திரை அலமாரியை அடுக்கு" என்று விரட்டப்பட்டு அவள் போனாள். ஒன்றே முக்காலுக்கு யாரோ அலற, போய்ப் பார்த்தால் ரேடியோ அக்காவின் வலது கை நாவல்பழ நிறத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்து அறுவை வார்டுக்கு ஓடினார்கள். கை பிழைத்தது. இரண்டு விரல் மடங்கவில்லை. தையல் அத்தோடு போயிற்று.

விசாரணையில் பெரிய சிஸ்டர் சொன்னார், கவனிக்கும் பொறுப்பு அந்தச் சின்னப்பெண்ணிடம் இருந்ததாக. சின்னப்பெண் துடித்துப்போய் மாத்திரை அலமாரியையும் டிக்கையும் சொன்னாள். தாளைக் கேட்டார்கள். தாளைக் காணோம். பெரிய சிஸ்டர் அவள் தோளில் அன்பாகக் கைபோட்டு, குழுவைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் இது:

"அவளுக்கு அப்படித் தோணுது. பாவம், கஷ்டமாத்தான் இருக்கும். கொஞ்ச நாள் ஓய்வு குடுங்க."

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். மனநலக் காரணம் என்று எழுதி ஒரு மாச லீவு கொடுத்தார்கள். அந்த வார்த்தை எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நிச்சயம் ஆன கல்யாணம் நின்றது. திரும்பி வேலைக்கு வந்தபோது பெயர் தயாராகக் காத்திருந்தது. தோணல் சிஸ்டர். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட, "உனக்கு அப்படித் தோணுதா?" என்று சிரிப்பார்கள். பதினோரு வருஷமாக அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சிரித்த அத்தனை பேர் முன்னாலும் பெரிய சிஸ்டர் வாயால் அந்தத் தோணல் உண்மை என்று வரவேண்டும்.

இப்போது ஆளே வந்து நிற்கிறார்.

"அம்மாவைப் பாத்துக்குங்க சிஸ்டர். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றான் மகன். அவனுக்குப் பழைய கதை தெரியாது.

"புத்தகத்துல இருக்கிற மாதிரியே பாத்துக்குறேன்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் சாவிக்கொத்து அண்ணன் ஒரு சாவியைக் கீழே போட்டார்.

புத்தகப்படிதான் ஆரம்பித்தாள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர் என்று டாக்டர் எழுதியிருந்ததால் ஊக்கு, வளையல், கண்ணாடிக் குப்பி, பாவாடை நாடா எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, எழுதி, பையில் போட்டாள். நாடாவை உருவும்போது பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை பேரிடம் உருவிய கை அது!

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்துல ஒதுக்கலையே? இன்னொரு தடவை தூக்குங்க." மாத்திரை விழுங்கியதைப் பார்ப்பது கடமை. மூன்றாம் தடவை பார்ப்பதைக் கடமை என்று சொல்லமுடியுமா என்பதை அவளிடமே கேட்கவேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிஷம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, கட்டிலெதிரே வந்து நின்றாள். மற்ற நர்சுகளை அனுப்பலாம். அனுப்பவில்லை. அந்த முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. அந்தக் குளிர்ச்சிக்காகவே டீ குடிக்கும் நேரத்தைக்கூட விட்டுக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் வாய் திறந்தார்.

"ஊர்ல குழாய்ல தண்ணி வராம போனது என்னாலதான்."

"ம்."

"என் பேரன் படிப்பு வராம போனதும் என்னாலதான்."

"ம்."

"அன்னிக்கு டிக் அடிச்சதும் நான்தான்டி. உன் கையெழுத்தைப் போட்டதும் நான்தான். ஏழு கட்டம்."

தோணல் சிஸ்டரின் பேனா நின்றது. பதினோரு வருஷம் காத்த வாக்கியம்! நோயாளியின் நம்பிக்கையை மறுக்கவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது, அந்த வேதனையை மட்டும் ஏற்றுக்கொண்டு பேசவேண்டும். இது வார்டின் முதல் பாடம். கற்றுக்கொடுத்ததே பெரிய சிஸ்டர்தான். அவள் குனிந்து, ரொம்ப மிருதுவாகச் சொன்னாள்:

"உங்களுக்கு அப்படித் தோணுது. பாவம், கஷ்டமாத்தான் இருக்கும்."

பெரிய சிஸ்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். எத்தனை நோய் இருந்தாலும் தன் சரக்கு தன்னிடமே திரும்பி வருவது தெரியாமலா போகும்? தோணல் சிஸ்டர் டீ அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சர்க்கரை அதிகம் போட்டு ஒரு டீ குடித்தாள்.

நோயாளி சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும் என்பதால் மூன்று வாக்கியத்தையும் அப்படியே குறிப்பில் எழுதினாள். சின்ன டாக்டர் அதைப் படித்து, மூன்றையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, "குற்ற உணர்வு பற்றிய மாய நம்பிக்கைகள்" என்று எழுதி மருந்தைக் கூட்டினார். அவர் வேலைக்கு வந்து எட்டு மாசம். ரேடியோ அக்காவை, மாதாமாதம் மாத்திரை வாங்க வந்து இடது கையால் வாங்கிக்கொண்டு போகிறவளாக மட்டுமே தெரியும்.

பெரிய சிஸ்டர் விடவில்லை. தினமும் சொன்னார். மற்ற நர்சுகள், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீங்க தெய்வம் மாதிரி" என்று தேற்றினார்கள். தோணல் சிஸ்டர் மட்டும் அந்த மிருதுவான வாக்கியத்தைச் சொன்னாள். ஏழாம் நாள் பெரிய சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கிழிக்கலடி, தாளை நான் கிழிக்கல. தையல் மிஷின் டிராயர்ல இருக்கு. போய்ப் பாரு. அப்பவாவது நம்புவியா?" என்று அழுதார்.

"உங்களுக்கு அப்படித் தோணுது" என்றாள். ஆனால் அன்று டீ இனிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். மகள் கல்யாணம் நின்ற கோபத்தில் பெரிய சிஸ்டரைத் தினம் ஒரு தடவையாவது சபிக்கும் அம்மா.

"நல்லா வேணும் அவளுக்கு. விடாத. இன்னும் ஒரு மாசம் அப்படியே வெச்சிரு."

"நிஜத்தையே சொல்றாங்கம்மா. யாரும் நம்பல."

"உன்னை யார் நம்புனா?" என்ற அம்மா, சோற்றைப் பரிமாறிவிட்டு, "ஆமா, அவ சொல்றது பைத்தியம்னு எழுதியாச்சுன்னா, அப்ப நீ சொன்னது?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் தோணல் சிஸ்டர் அன்று படுக்கப் போனாள். ஒருவர் சொன்னது மாயை என்றால் இருவர் சொன்னதும் மாயைதான். இத்தனை நாள் ருசித்த பழி, அவள் பெயரையே இரண்டாம் தடவை முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது!

ஒன்பதாம் நாள் சின்ன டாக்டர் மகனைக் கூப்பிட்டு, "குழாய் விஷயம், பேரன் விஷயமெல்லாம் குறைஞ்சிருக்கு. அந்த டிக் விஷயம் மட்டும் அசையவே மாட்டேங்குது. மருந்து போதலை. கரண்ட் சிகிச்சை ஆரம்பிக்கலாம்" என்றார். மகன் விழித்தான். தோணல் சிஸ்டர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"வீட்ல தையல் மிஷின் இருக்கா?"

"இருக்கு சிஸ்டர். டிராயர் பூட்டியிருக்கும். அம்மா யாரையும் தொடவிடாது."

"உடைங்க. உள்ள ஒரு தாள் இருந்தா நாளைக்குக் காலைல எடுத்துட்டு வாங்க."

"ரொம்ப முக்கியமான தாளா?"

"உங்கம்மா சிகிச்சைக்கு" என்றாள். பாதி உண்மை.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஷிப்ட் மாறும் கூட்டம். நர்சுகள் ஆறு பேர், சின்ன டாக்டர், வாசலில் காரணமே இல்லாமல் துடைப்பத்தோடு சாவிக்கொத்து அண்ணன். தோணல் சிஸ்டர் பெரிய சிஸ்டரைச் சக்கர நாற்காலியில் தானே தள்ளிவந்து மேஜைக்கு எதிரே நிறுத்தினாள். மகன் கொண்டுவந்து கொடுத்த பழுப்பேறிய ஒரு தாளை மேஜையில் விரித்தாள்.

"நோயாளி கட்டப்பட்ட நேரம் பன்னிரண்டு. கீழ வரைக்கும் படிங்க டாக்டர்."

டாக்டர் படித்தார். "ரெண்டு மணி, அமைதியாக இருக்கிறார், தண்ணீர் குடித்தார். நாலு மணி, தண்ணீர் குடித்தார். ஆறு மணி, தண்ணீர் குடித்தார்."

"ஒண்ணே முக்காலுக்கே அந்த அம்மாவைப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிட்டுப் போயாச்சு. இங்க காலிக் கட்டில் நாலு மணி நேரமா தண்ணி குடிச்சிருக்கு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மூத்த நர்ஸ் ஒருத்தி, "ஐயோ, இது பெரிய சிஸ்டர் எழுத்து" என்றாள்.

"முதல் ஏழு கட்டத்துல என் கையெழுத்து. அதைப் போட்டப்புறம்தான் கீழ ஆறு மணி வரைக்கும் டிக் இருக்கறதைப் பாத்திருக்காங்க. தாள் காணாம போச்சு. எனக்குத் தோணல் வந்துடுச்சு."

பெரிய சிஸ்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து முகவாயில் தொங்கியது.

"ஏன் கிழிக்காம வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

பெரிய சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "நோயாளி தாளைக் கிழிக்கக்கூடாது. மைபூசி மறைக்கக்கூடாது. தப்பா எழுதினதுல, படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"போடுங்க" என்று தோணல் சிஸ்டர் பேனாவை நீட்டினாள்.

"சிஸ்டர், இப்ப இவங்க நோயாளி. இந்தக் கையெழுத்து எங்கயும் செல்லாது" என்றார் டாக்டர்.

"செல்ல வேணாம் டாக்டர். இந்த ரூம்ல விழுந்தா போதும்."

பெரிய சிஸ்டர் பேனாவை வாங்கி ஏழு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு வளைந்து நெளிந்து, ஏழாவது கட்டத்தில் ஏறக்குறைய மேஜைக்கே போய்விட்டது. பக்கத்தில் கையெழுத்து. அவராகவே தேதியும் போட்டார். சொல்லாமலே தேதி போட்டதைப் பார்த்து மூத்த நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"குழாய்க்கு வைத்தியம் பாருங்க, பேரனுக்குப் பாருங்க. சாப்பிட மாட்டேங்குறாங்க, அதுக்குக் கரண்ட் வேணும்னா குடுங்க. இதைக் காரணமா எழுதாதீங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, தோணல் சிஸ்டர் தன் குறிப்பேட்டைத் திறந்தாள். "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, மூன்றாம் நாள் நோயாளி சொன்ன ஒரு வாக்கியம் உண்மை என்பது தனக்குத் தெரியும், தெரிந்தும் ஏழு நாள் டாக்டரிடம் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எட்டிப் பார்த்த சாவிக்கொத்து அண்ணன் துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டார்.

"வண்டியை நான் தள்ளட்டுமா, சிஸ்டர்?" என்றார். வெறும் சிஸ்டர். பதினோரு வருஷத்தில் முன்னொட்டு இல்லாமல் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நானே தள்ளுறேன்."

கட்டிலில் உட்காரவைத்தபோது பெரிய சிஸ்டர் அவள் புடவைத் தலைப்பை விரலால் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேதானே?"

அவள் தலைப்பை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். குனிந்து, அதே மிருதுவான குரலில் கேட்டாள்:

"உங்களுக்கு அப்படித் தோணுதா?"

பிறகு டம்ளரை அந்த உதட்டருகே கொண்டுபோய், கடைசி மிடறு இறங்கும்வரை பிடித்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்பது ஐம்பதுக்கு எழுதினாள்: "அழுகிறார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்." ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது. அதையும் எழுதி, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.