அண்ணன் பெயர்

விடிகாலையில் கோட்டாற்றுக் கருப்பட்டி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு, குளித்து, வேட்டி மாற்றிக் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது ஞானதாசனுக்குக் கால்கள் கெஞ்சும். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், இன்டர்மீடியட் முதல் வருஷம். அவரைக் கண்டால் எழுந்து நிற்பதா, பக்கத்தில் உட்காருவதா என்று வகுப்புப் பையன்களுக்குச் சந்தேகம். கடைசி பெஞ்சை அவருக்கே விட்டுவிட்டார்கள்.

அப்பா இறந்தபோது தன் படிப்பை நிறுத்திவிட்டு மூட்டை தூக்கப் போனவர் அவர். தம்பி ரசலையனைச் சென்னை வரை அனுப்பிப் படிக்கவைத்தார். அவன் இப்போது இதே கல்லூரியில் சரித்திர ஆசிரியன். "இனி நீங்க படிங்கண்ணே" என்று அவரைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். இன்டர் தேறினால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை உண்டு. அவர் முதுகுக்கு விடுதலை கேட்டு மனைவி ராகேல் தினமும் ஜெபம் செய்தாள்.

சிக்கல் வகுப்பில் வருகைக்குப் பெயர் கூப்பிடுவதில் வந்தது. சோறு போட்ட அண்ணனை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட ரசலையனுக்கு நாக்கு எழவில்லை. அந்த இடம் வந்ததும் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுவான். வகுப்பு முடிந்ததும் குறித்துக்கொள்ளலாம் என்று நினைப்பான். மணி அடித்ததும் மறந்துவிடுவான். மெத்தப் படித்த பிள்ளை! ஞானதாசனுக்கும் அந்த இருமல் பிடித்திருந்தது, மறைப்பானேன். இவ்வளவு படித்தும் மரியாதை போகவில்லையே என்று மனம் குளிர்ந்தார்.

மாசி மாதம் கல்லூரி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சரித்திர வகுப்பில் வருகை போதாது, இதே வருஷத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

ரசலையன் பிரின்சிபால் துரையிடம் ஓடினான். துரை நல்லவர்தான். "சொந்த அண்ணனுக்கு இப்போது திருத்தி எழுதினால் நாளைக்கு உம்மை யார் நம்புவார்?" என்று கேட்டார்.

சாயங்காலம் மண்டிக்கு வந்து நின்று அழுதான். "எப்பிடிண்ணே ஒங்க பேர விளிப்பேன்? நாக்கு வரல்லியே."

ஞானதாசனுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. இன்னும் ஒரு வருஷம் இந்த மூட்டைகள். ராகேலிடம் எந்த வாயால் சொல்வது?

"செரி மக்கா, கண்ணத் தொடச்சுக்கோ. வாற வருஷம் சத்தமா விளிக்கணும், கேட்டியா? இப்ப இந்தச் சாக்க ஒரு கை பிடி."

ஆனியில் அதே வகுப்பு, அதே கடைசி பெஞ்சு, புதுப் பையன்கள். ரசலையன் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தான். இருமல் வந்தது. ஞானதாசன் நிமிர்ந்து அவனையே பார்த்தார்.

"ஞானதாசன்."

அவர் எழுந்தார். "பிரசென்ட் சார்" என்றார்.

தம்பியை அவர் சார் என்றது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு மணி அடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.