ப்ரீஜின் தட்டில் வைத்த துண்டு

"குச்சியைப் போடாதேன்னா போடாதே. அவ்வளவுதான்."

"ஏன்னு சொல்லு, போடலை."

"அதைச் சொல்ல முடியாது."

"அப்போ போடத்தான் போடுவேன்."

அக்கா தங்கை சண்டை வாசல் வரைக்கும் கேட்டது. ஆப்பிள் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஃபெர்கல் சமையலறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். ஊனாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அவளும் அவள் அக்கா ஃபிடெல்மாவும் மோதிக்கொண்டால் நடுவில் போகக் கூடாது.

"அம்மா ஒரு ஹாலோவீனுக்காவது குச்சியை விட்டிருக்காளாடி? உனக்கே வந்துச்சே, உனக்குக் கல்யாணம் ஆன வருஷம்! எப்படிச் சிரிச்சோம் அன்னைக்கு!"

"அடி வாங்கினது நான்தான் அக்கா!" என்றான் ஃபெர்கல் வெளியிலிருந்து.

"நீ உள்ள வராதே!" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

மாவு பிசைந்து தயாராக இருந்தது. முதல் நாளே தேநீரில் ஊறப்போட்ட உலர்திராட்சை பருத்து, மாவெல்லாம் பழுப்பாகியிருந்தது. அக்டோபர் கடைசி நாளில் இந்த ப்ராக் ரொட்டி இல்லாமல் அயர்லாந்தில் லீட்ரிம் பக்கத்தில் எந்த வீட்டிலும் குடும்பம் கூடாது. அதற்குள் சின்னச் சின்னச் சாமான்களை பட்டர் பேப்பரில் சுற்றிப் புதைத்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம். பட்டாணி கிடைத்தால் இந்த வருஷம் கிடையாது. துணித்துண்டு கிடைத்தால் கையில் காசு தங்காது. குச்சி கிடைத்தால், கட்டினவரிடம் அடி. கிடைத்தவர் அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும், மேசையில் இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து பலனைக் கத்த வேண்டும். அதுதான் விளையாட்டு. யாரும் அதை நம்புவதில்லை. ஆனால் மோதிரம் வந்தவளின் முகம் சிவக்காமலும் இருப்பதில்லை.

"கஹல் கூப்பிட்டு ப்ரீஜ் இன்னைக்கு முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாக்கா. அவளுக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள் ஊனா, குரலைத் தாழ்த்தி.

"ஒரு குச்சிக்கே சங்கடப்படறவ இந்த வீட்டுல எப்படிக் குப்பை கொட்டப் போறா?"

ஊனா ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு வெளியே போனாள்.

அப்போதாவது ஃபிடெல்மா பின்னாலேயே போய், என்னடி விஷயம் என்று மெதுவாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலிப்பக்கம் போய் ஹேசல் செடியில் ஒரு சுள்ளியை ஒடித்து வந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, பேப்பரில் சுற்றி மாவுக்குள் சொருகினாள்.

அந்த வீடு தம்பி கஹலின் பேரில் இருந்தது. அப்பா உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போனபடி, கல்யாணம் ஆகாத வரைக்கும் ஃபிடெல்மாவுக்கு அங்கே இருக்கிற உரிமை உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கஹலுக்கும் ஆகவில்லை. அவன் பால் லாரி ஓட்டினான், அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒருவர் சத்தம் ஒருவருக்குப் பழகிப்போய்விட்டது. இந்த வசந்தத்தில்தான் கஹல் ஷேவ் செய்துகொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ப்ரீஜ், புருஷனை இழந்தவள், காலையில் எதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவாள். இவனும் லாரியிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் செய்வதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

போன வாரம் அவனே வந்து சொன்னான். "ப்ரீஜை ஹாலோவீனுக்குக் கூப்பிட்டிருக்கேன் அக்கா. எல்லாரும் இருக்கும்போது கேட்டுடலாம்னு."

"என்னத்தைக் கேட்கப் போறே?"

"நீ வேற." காது வரைக்கும் சிவந்து போனான். "மோதிரம் எனக்கு வந்துச்சுன்னா தைரியமா கேட்டுடுவேன். வரலைன்னா, தைரியமில்லாமக் கேட்பேன்."

ஐம்பத்திரண்டு வயசுக்காரன். ஃபிடெல்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, அன்றைக்குப் படுக்கையில் வெகுநேரம் அந்த அடுப்பையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். உரிமை இருக்கிறது, சரி. உரிமையோடு மூன்றாவது ஆளாக எப்படி உட்கார்ந்திருப்பது?

சாயங்காலம் ப்ரீஜ் வந்தாள். குட்டையாக, கனத்த தோளோடு, சத்தமாகப் பேசுகிறவள். ஒரு தட்டு நிறைய டாஃபி ஆப்பிள் செய்து கொண்டுவந்திருந்தாள், சர்க்கரைப் பாகு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"பாகு கொஞ்சம் முறிஞ்சுபோச்சு. பல்லு போனா என்னைத் திட்டாதீங்க" என்றாள்.

"இருக்கிறது நாலு பல்லு, அதையும் பிடுங்க வந்துட்டீங்களா?" என்றான் ஃபெர்கல்.

"நாலு இருக்குல்ல? அது போதும், கஞ்சிக்கு ஏன் பல்லு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபிடெல்மாவும் சிரித்தாள். மனதில் கள்ளமில்லாமல்தான் சிரித்தாள், அது வரைக்கும்.

கீரை போட்டு மசித்த உருளைக்கிழங்கை நடுவில் குழி பறித்து, வெண்ணெய் உருகுவதற்குள் சாப்பிட்டார்கள். பிறகு விளையாட்டு. உத்தரத்தில் கயிறு கட்டி ஆப்பிளைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்கப் பார்த்தார்கள். ஆப்பிள் ஃபெர்கலின் மூக்கில் இடித்து ரத்தம் வராத குறை. ஊனாவின் மகள் ரியோனா, ஏழு வயசு, சூனியக்காரி தொப்பியோடு நின்று தீர்ப்பு சொன்னாள். "கஹல் மாமா தொட்டது கன்னத்தால. அது செல்லாது!"

அடுத்து தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆப்பிளை மிதக்கவிட்டார்கள். ப்ரீஜ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மண்டி போட்டு, தலையை முழுசாக உள்ளே விட்டு, ஒரு ஆப்பிளை அடிமட்டத்தில் அமுக்கிப் பல்லால் கவ்விக்கொண்டு எழுந்தாள். முடியெல்லாம் சொட்டச் சொட்ட. கஹல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"ஆன்ட்டி ஜெயிச்சாச்சு!" ரியோனா குதித்தாள்.

"துண்டு எடுத்துட்டு வர்றேன்" என்று ஃபிடெல்மா எழுந்தாள்.

"நீங்க உட்காருங்க ஃபிடெல்மா." ப்ரீஜ் கண்ணில் தண்ணீர் வழிய, நேராகப் போய், ஜன்னல் பக்கத்து இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

முதல் இழுப்பறையைத் திறக்கவில்லை. தேடவும் இல்லை.

ஃபிடெல்மா நின்ற இடத்திலேயே நின்றாள். முதல் தடவையாக வருகிறாள் என்று சொன்னார்கள். சனிக்கிழமை தோறும் தான் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிற நேரத்தில் இங்கே யார் வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அந்த ஒரு நொடியில் புரிந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. வளர்ந்தவர்கள். ஆனால் யாரோ தன் தலையணையில் தலை வைத்துப் படுத்துவிட்டுப் போன மாதிரி அவளுக்கு இருந்தது.

டீ நேரம் வந்தது. ப்ராக்கை அறுக்கும்போது கத்தி ஒரு இடத்தில் பேப்பரில் உரசியது. மேலேயும் அங்கே லேசாக வெடித்திருந்தது. வெடிப்பில் சுள்ளியின் முனை லேசாகத் தெரிந்தது. இது குச்சித் துண்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அறுக்கிறவர் யாருக்கும் எடுத்து வைக்கக் கூடாது. துண்டுகளைப் பெரிய தட்டில் போட்டுச் சுற்றிவிட வேண்டும், அவரவர் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பலன் பலனே இல்லை. அம்மா இதில் ரொம்பக் கறார்.

"விருந்தாளிக்கு முதல்ல" என்று சொல்லி, ஃபிடெல்மா அந்தத் துண்டைத் தன் கையாலேயே ப்ரீஜின் தட்டில் வைத்தாள்.

ஊனா நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபிடெல்மாவின் மனசில் இருந்தது இவ்வளவுதான்: கொஞ்சம் கேலி செய்வார்கள், இவளும் கொஞ்சம் நெளியட்டும். என் இழுப்பறை இவளுக்குத் தெரியும் என்றால், என் வீட்டுக் கேலியும் தெரியட்டும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

ப்ரீஜ் கடித்தாள். வாயிலிருந்து பேப்பரை எடுத்தாள். "மோதிரமா, மோதிரமா?" என்று ரியோனா நாற்காலியில் ஏறினாள். ப்ரீஜ் பிரித்தாள். வழக்கப்படி தூக்கிக் காட்டினாள்.

"குச்சி!" ஃபெர்கல் மேசையைத் தட்டினான். "கஹல் மச்சான், கேட்டுக்கோ! இந்த வருஷம் இவங்களுக்கு அடி உறுதி!"

"அடி! அடி! அடி!" என்று ரியோனா கரண்டியால் தட்டினாள்.

கஹலும் சிரித்தான், வெட்கத்தோடு. கையில் ஒரு கற்பனைப் பிரம்பைப் பிடித்து ஒரு தடவை வீசிக்கூடக் காட்டினான். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஒரு கன்றுக்குட்டியைக்கூடத் தட்ட மாட்டான். சந்தோஷத்தில் கோமாளித்தனம் பண்ணினான்.

ப்ரீஜ் சிரித்தாள். ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். கஹல் கையை வீசியபோது அவள் தோள் ஒன்று மட்டும் மேலே ஏறிக் காதைத் தொட்டுவிட்டு இறங்கியதை ஃபிடெல்மா பார்த்தாள். குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். டீயை முழுசாகக் குடித்தாள்.

"நான் கிளம்பறேன். காலையில பஸ் எடுக்கணும்."

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் லீவு என்று ரியோனாவுக்குக்கூடத் தெரியும்.

கஹல் எழுந்தான். "நான் கொண்டு வந்து விடறேன்."

"வேண்டாம் கஹல். நீ இரு."

கதவு சாத்திக்கொண்டது. "மோதிரம் யாருக்கு?" என்று குழந்தை கேட்டது. மீதித் துண்டுகளை யாரும் தொடவில்லை.

பின்கட்டில் விறகு எடுக்கப் போன ஃபிடெல்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள் ஊனா. அழுதுகொண்டிருந்தாள்.

"திருப்திதானா உனக்கு? அவ புருஷன் அவளை அடிச்சே கொன்னுருப்பான், அதுக்குள்ள அவனே போய்ச் சேர்ந்தான். எதால அடிப்பான் தெரியுமா? மாடு ஓட்டுற ஹேசல் குச்சியால. கதவுக்குப் பின்னாலயே மாட்டி வச்சிருப்பானாம்."

"எனக்குத் தெரியாதேடி..."

"யாருக்கும் தெரியாது! என்கிட்ட மட்டும்தான் சொன்னா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு. கஹலுக்கு அவளே சொல்றேன்னு இருந்தா. அவன் கேட்டதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தா. இப்போ உன்கிட்ட உளறிட்டேன். போடாதேன்னு எத்தனை தடவைக்கா சொன்னேன்?"

ஃபிடெல்மாவுக்குக் கையிலிருந்த விறகைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் கஹல் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அக்கா, அந்தத் துண்டு அவளுக்கு எப்படிப் போச்சு? நீ தெரிஞ்சேவா வச்சே?"

"விருந்தாளின்னு முதல்ல வச்சேன்டா. கைக்கு வந்ததை வச்சேன்."

அவன் நம்பினான். அவன் எப்போதும் நம்புகிறவன். "என்னமோ, நம்ம கூட்டத்தைப் பார்த்து மிரண்டுட்டா போல. இவ்வளவு சத்தம் போடற குடும்பத்துல யார் வருவா?" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

லீவு முடிந்து பஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. கஹல் இப்போதெல்லாம் முன்னதாகவே கிளம்பி, ஏரியைச் சுற்றிப் போகிற நீளமான பாதையில் போகிறான். அந்தப் பக்கம் ஸ்கூல் பஸ் வராது. ஷேவ் செய்வதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "நமக்கு என்ன குறை அக்கா? நீ இருக்கே, நான் இருக்கேன்" என்றான். அவள் ஆசைப்பட்டது அதுதான். அதைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

ப்ரீஜின் வீட்டுக்குப் போய், "அந்தத் துண்டைத் தெரிஞ்சேதான் வச்சேன், பொறாமையில வச்சேன், கஹலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட வேண்டும் என்று ஃபிடெல்மா இரண்டு தடவை கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தடவையும் ஊனா தடுத்தாள்.

"வெறும் கேலிக்கு யாராவது வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்பாங்களா? நீ போய் நின்ன உடனே அவளுக்குத் தெரிஞ்சுடும், நான் சொல்லிட்டேன்னு. வாழ்க்கையில ஒரே ஒரு ஆளை நம்பிச் சொன்னா. அதையும் பிடுங்கிடாதே."

"அப்போ கஹல்?"

"ஆறிடுவான்."

"எப்போடி?"

ஊனா அக்காவின் கோட்டைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டினாள்.

போனால் ப்ரீஜ் தன் ஒரே தோழியான ஊனாவை இழப்பாள். போகாவிட்டால், தன்னை இந்தக் குடும்பம் வேண்டுமென்றே அவமானப்படுத்தியது என்றோ, கஹலும் ஓங்குகிற கைதான் என்றோ நினைத்துக்கொண்டே இருப்பாள். கஹலும் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிக்கொண்டே இருப்பான். ஃபிடெல்மா கோட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறாள்.

படிக்கிறவர்கள் யாராவது இப்படி ஒரு இக்கட்டில் இருந்திருப்பீர்கள். அவள் ப்ரீஜிடம் போக வேண்டுமா, முதலில் தம்பியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா, இல்லை ஊனா சொல்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? சும்மா ஆறுதலுக்காக எழுத வேண்டாம். நீங்கள் நிஜமாகவே என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள்.