கேலரிக் கூட்டம்

பந்து சேற்றில் உருள்வதுபோல் நகர்ந்தது. முத்துக்குமார் பொத்தானை அமுக்கி எவ்வளவோ நேரம் ஆகியும் திரையில் அவனுடைய ஆட்டக்காரன் இன்னும் காலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"கீ ஸ்லோ ரே பாபா," என்றான். என்ன மந்தமடா சாமி என்று அர்த்தம்; அலுப்பு வந்தால் அவனுக்கு வங்காளம்தான் வரும்.

அலுவலகத்திலிருந்து வந்த ரமணன் சட்டையைக்கூட மாற்றாமல் மகனின் கட்டிலருகே உட்கார்ந்தார். அலிப்பூரில் அரசு குமாஸ்தா; லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. பதினாலு வயது மகனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய். கால்கள் ஓய்ந்து நாலு வருஷமாயிற்று. விரல்கள்தான் பாக்கி. அவை இருக்கும்போதே ஆசைதீரக் கால்பந்து ஆடிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டான். கால்பந்துப் பைத்தியம் பிடித்த இந்த வங்காள ஊரில் பிறந்த பையன் வேறென்ன கேட்பான்?

இரண்டாயிரத்தாறு பூஜா போனஸில் லேப்டாப் வந்தது. அதே விலைக்கு டெஸ்க்டாப் வாங்கியிருந்தால் ஆட்டம் இழுக்காமல் ஓட கிராபிக்ஸ் கார்டு தனியாகப் பொருத்தியிருக்கலாம். படுக்கையில் வைத்து ஆடத் தோதாக இருக்குமே என்று இதை வாங்கித் தொலைத்தார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கடைக்காரர் கையை விரித்தார். லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு போர்டோடு ஒட்டியே வருவது, மாற்ற வழியில்லை என்றார். டாக்டர் வாயிலும் ஏறக்குறைய இதே பதிலைக் கேட்டிருந்ததால் ரமணன் வாதாடவில்லை.

ஆனால் மனுஷர் விடாக்கண்டர். ஆபீசில் ஒரு ஃபைலை ஆறு மாதம் ஆறப்போடுகிறவர், வீட்டில் தினமும் ஆட்டத்தின் செட்டிங்ஸைத் திறந்து லேப்டாப்பின் பாரத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தார். நிழல் போயிற்று, புல் போயிற்று, மழை போயிற்று. கடைசியில் கேலரியிலிருந்த கூட்டத்தையும் எடுத்துவிட்டார். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று முத்து மூன்று கோல் போட்டான். அவன் அம்மா வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, பாக்க ஒருத்தரும் வரலியா?"

"அம்மா வந்தாச்சுல்ல."

அந்தக் குளிர்காலம் மூவருக்கும் நன்றாகவே போயிற்று.

அடுத்த பூஜைக்குள் வலது கை மந்தமாகிவிட்டது. பந்து வரும்போதே விரல் கிளம்பும். போய்ச் சேர்வதற்குள் எதிராளி பறித்துக்கொண்டு ஓடிவிடுவான். எட்டு கோல், பத்து கோல் என்று வாங்கினான். நான் ஆடட்டுமா என்று ரமணன் ஒருநாள் கேட்டுவிட்டார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"அப்பா, நீங்க எடுத்ததையெல்லாம் திரும்பப் போடுங்க."

"போட்டா பழையபடி இழுக்குமேடா."

"இழுக்கட்டும். அப்பத்தான் எனக்குக் கை எட்டும்."

ரமணனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இத்தனை நாள் பாடுபட்டுக் கொண்டுவந்த வேகத்தைத் தன் கையாலேயே கெடுத்தார். புல்லை ஏற்றினார், நிழலை ஏற்றினார், மழையை ஏற்றினார். கேலரி நிரம்பியது. லேப்டாப் தாங்காமல் அதன் விசிறி இரைந்தது. பந்தும் ஆட்களும் திரை மூலையிலிருந்த ஆட்டக் கடிகாரமும் சேர்ந்து தவழத் தொடங்கின. முத்துவின் விரல் நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. கோல் விழுந்தது. வசந்தி அவன் தலையைக் கோதிவிட்டு உள்ளே போனாள்.

தை பிறந்தபோது அதுவும் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் மெதுவாக்குங்கப்பா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரமணன் செட்டிங்ஸைத் திறந்தார். எல்லாமே உச்சத்தில் இருந்தன. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஆச்சாப்பா?"

"ஆச்சுடா," என்று பொய் சொல்லி மூடினார்.

திரையில் மழை கொட்டியது. பந்து கோல் கம்பத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. மகனின் சுட்டுவிரல் போர்வையைவிட்டு எழுந்து, நடுங்கி, பொத்தானை நோக்கிப் புறப்பட்டது. ரமணன் பந்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.