யவீருவின் மகளுக்கு ஒரு முகம்

இயேசு கைபிடித்து எழுப்பிய யவீருவின் மகளுக்கு கோப்பையில் எழுத வியாபாரி கொடுத்த அச்சுப்படத்தில் கொழுகொழு முகம். செத்துப் பிழைத்த பிள்ளையின் முகமா அது? தின்றுவிட்டுத் தூங்கி எழுந்த முகம். சபீனாவுக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அவளுடைய மகள் பார்பெல் பனிக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவுக்ஸ்பர்க் ஊரார் பிள்ளைகளையெல்லாம் பீங்கானில் படமாக எழுதிய கைதான். சொந்த மகளை ஒரு காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

படத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, வெள்ளைக் கோப்பைமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினாள். இயேசு வந்தார், கட்டில் வந்தது, அழுகிறவர்கள் வந்தார்கள். பெண்ணின் முகத்தில் மட்டும் அவள் ஊசி வைக்கவில்லை.

"என்னடி, முகத்தைக் காணோம்?" என்றான் கணவன் யோப்ஸ்ட். சூளை அவன் பொறுப்பு.

"அப்புறம் எழுதிக்கிறேன். முதல்ல அங்கிக்கு வண்ணம் பூசித் தர்றேன், சுட்டுக் குடுங்க."

"படத்துல இருக்கிற மாதிரியே எழுது தாயி. வியாபாரி கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பான்."

இயேசுவின் ஊதா அங்கிக்குக் கடுஞ்சூடு வேண்டும். கன்னச் சிவப்பை அதற்குப் பிறகு பூசி, இளஞ்சூட்டில் தனியாகச் சுடுவதுதான் வழக்கம். ஆனால் சுடாத வண்ணம் கட்டைவிரல் பட்டாலே போய்விடும். யோப்ஸ்ட் பார்த்தால் துடைத்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். அவன் கரி வாங்கப் போன நேரத்தில் பார்பெலின் முகத்தை எழுதிச் சிவப்பும் வைத்து, சூளையில் சூடு குறைந்த மூலையாகப் பார்த்துத் தானே கோப்பையை வைத்து மூடிவிட்டாள்.

யோப்ஸ்ட் வந்து, கோப்பையைப் பார்க்காமலே அங்கிக்கான கடுஞ்சூட்டில் சுட்டு, மறுநாள் சூளையைத் திறந்தான். அங்கி பளபளவென்று வந்திருந்தது. சிவப்பு எரிந்து போயிருந்தது. புருவமும் கண்ணும் உதட்டுக் கோடும் அச்சு அசல் பார்பெல்தான். முகம் மட்டும் வெளுத்து, கடைசிக் காலையில் கிடந்த மாதிரி இருந்தது.

அவன் கோப்பையை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனான்.

"ஏன் சபீனா சொல்லல? இளஞ்சூடா வெச்சிருப்பேனே."

"துடைச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

"நானா? எம்புள்ள முகத்தையா?" கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். "வியாபாரி கெடக்கான். சிவப்பை எடு. இது மேலயே பூசு, மறுபடி சுடலாம்."

அவள் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தாள். ஓடி வந்து நிற்கும்போது பார்பெலின் கன்னத்தில் சிவப்பு எங்கே தொடங்கும், எதுவரை பரவும்? கண்ணை மூடிப் பார்த்தாள். அங்கேயும் இந்த வெளுத்த முகம்தான் வந்தது.

"பூசுடி."

"எங்கன்னு நெனப்பு வரலைங்க," என்றாள். "உங்களுக்கு இருக்கா?"

யோப்ஸ்ட் தூரிகையை வாங்கிக் கன்னத்தருகே கொண்டுபோய், வைக்க இடம் தெரியாமல் திருப்பிக் கொடுத்தான்.