கயிறு பிடிக்க ஓர் ஆள்

கடைக்குப் பை வாங்க வந்த கல்லூரிப் பெண்கள் இருவர் அந்த விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, சுஃபியான் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினான். வியாபாரம் செய்கிறவன் கல்லாவை விட்டு இப்படி ஓடலாமா என்றால், கூடாதுதான். ஆனால் 'கிளிஃப் பிரதர்ஸ்' ஏழாம் பாகத்தின் கதை ஒரு வரிகூடத் தன் காதில் விழக்கூடாது என்று அவன் சபதம் எடுத்திருந்தான். அதற்காக வாட்ஸ்அப்பில் இருந்த கேம் குழுவிலிருந்து வெளியேறினான். யூடியூப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முப்பத்தைந்து வயது மனிதன், பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தமாகத் தோல் பைக் கடை வைத்திருப்பவன், ஒரு வீடியோ கேமுக்காகக் காதைப் பொத்திக்கொண்டு அலைந்தான்.

டிஸ்க் அவனிடம் இல்லாமல் இல்லை. வெளியானதுமே வாங்கிவிட்டான். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அது டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. நோன்பு வந்து போயிற்று, பெருநாள் போயிற்று, பள்ளிக்கூடங்களும் திறந்தாயிற்று. பள்ளித் தோழன் ஜெயா என்கிற ஜெயகிருஷ்ணன் வர வேண்டும். வந்தால்தான் உறையைக் கிழிக்க வேண்டும். அதுதான் இருவருக்கும் முறை.

முறை வந்த கதை பெரிய கதையில்லை. இருவரும் பள்ளியில் படிக்கும்போது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கினார்கள். பெட்டியோடு முதல் பாகமும் வந்தது, ஜாய்ஸ்டிக் மட்டும் ஒன்றே ஒன்றுதான் வந்தது. இன்னொன்று அடுத்த சந்தைக்குத்தான் என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். அந்த விளையாட்டோ இருவர் இல்லாமல் நகராது. அண்ணன் தம்பி இருவர் மலையேறுவார்கள். ஒருவன் பள்ளத்தில் இறங்க வேண்டும், மற்றவன் மேலே நின்று கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே அந்த வாரம் முழுக்க இரண்டு பையன்களும் முதல் பள்ளத்தின் விளிம்பில் நின்றபடி அதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு வெள்ளி இரண்டாவது ஜாய்ஸ்டிக் வந்த பிறகே இறங்கினார்கள். அன்றிலிருந்து எந்தப் பாகம் வந்தாலும் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து, சுஃபியான் வீட்டில், இருவரும் சேர்ந்து. தனியாக ஒருவன் தொடக்கூடாது.

இறங்குகிறவன் எப்போதும் சுஃபியான். கயிறு பிடிப்பவன் ஜெயா. பிடிப்பதைவிடக் கயிறு திரிப்பதில்தான் ஜெயா கெட்டிக்காரன் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு பாகத்திலும் முதல் பள்ளத்தில், சுஃபியான் பாதி இறங்கியிருக்கும்போது, வேண்டுமென்றே கயிற்றை விட்டுவிடுவான். சுஃபியானின் ஆள் தலைகுப்புற விழுந்து சாவான். சுஃபியான் "டேய்!" என்று கத்துவான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா நூர் பீவி, "இன்னாடா சண்டை அங்க?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா, கை வழுக்கிடுச்சு" என்று ஜெயா பூனையைப் போல முகத்தை வைத்துக்கொள்வான். ஆறு பாகத்திலும் கை வழுக்கியது. ஆறாம் பாகம் வந்தபோது ஜெயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்போதும் வழுக்கியது.

அதற்குப் பிறகு ஏழாம் பாகம் வர வெகுகாலம் ஆனது. இடையில் நூர் பீவி மவுத்தாகி, வீடு தாயில்லாமல் போயிற்று. தங்கை ரூக்சார் கல்யாணமாகி ஆம்பூர் போனாள். சுஃபியானுக்குப் பார்த்த இரண்டு இடமும் தட்டிப் போயின, மூன்றாவது இடம் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. ஜெயா சிங்கப்பெருமாள் கோவிலில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு மனைவி ஸ்ம்ருதி, மகளோடு குடிபோனான். அதே லைனில் ஒரு ரயில் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. பெருநாளுக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன் என்று ஆகிப்போனது. அதனால்தான் ஏழாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது சுஃபியானுக்கு அவ்வளவு சந்தோஷம். கேமுக்காக வந்த சந்தோஷம் பாதிதான். ஜெயா வீட்டுக்கு வருவான், அதுதான் மீதி.

"இந்த வாரம் கண்டிப்பா மச்சான்" என்பான் ஜெயா. வெள்ளிக்கிழமை காலை மெசேஜ் வரும். மகளுக்குக் காய்ச்சல். ஆபீசில் மீட்டிங். மாமனார் வந்திருக்கிறார். சுஃபியான் ஒவ்வொன்றையும் நம்பினான். குடும்பஸ்தனுக்கு ஆயிரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாங்கி வைத்த கறியைத் தனக்கு மட்டும் ஆக்கிச் சாப்பிட்டான். டிவி பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்க்கின் உறையைத் துடைத்து வைத்தான்.

ஒருவழியாக அந்த வெள்ளிக்கிழமை ஜெயா வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சீக்கிரம் கிளம்பணும்டா, பாப்பாவுக்கு டான்ஸ் கிளாஸ்" என்றான்.

"வந்தவுடனே போற பேச்சா? உள்ள வா, பிரியாணி கீது" என்றான் சுஃபியான். அம்மாவின் கைப்பக்குவம் வராது என்றாலும், காலையிலேயே எழுந்து தானே தம் போட்டிருந்தான்.

ஜெயா கொஞ்சமாகப் போட்டுக்கொண்டான். டயட்டாம். நன்றாயிருக்கிறது என்று இரண்டு முறை சொன்னான். பழைய ஜெயா சொல்லவே மாட்டான், சட்டியை வழித்துக்கொண்டிருப்பான். சாப்பாடு முடிந்ததும் சுஃபியான் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் எடுத்து வைத்தான், இரண்டிலும் முழு சார்ஜ். உறையைக் கிழிக்கும் பெருமையை ஜெயாவுக்குக் கொடுத்தான். ஜெயா பிளாஸ்டிக்கை மெதுவாகப் பிரித்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டான்.

திரையில் மலை வந்தது. அழகான மலைதான், பனி ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. மெனுவில் 'தனி ஆட்டம்' இருந்தது, 'ஆன்லைன்' இருந்தது. இருவர் சேர்ந்து ஆடும் வரியைக் காணோம். சுஃபியான் மேலே போனான், கீழே போனான், செட்டிங்ஸுக்குள் நுழைந்து தேடினான்.

"ரெண்டு பேர் ஆடுறது எங்கடா கீது?"

"தூக்கிட்டாங்க போல" என்றான் ஜெயா. அவன் தேடவே இல்லை. சோபாவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.

"அதெப்படி தூக்குவான்? கேமே அதான?"

"ஆன்லைன்ல ஆடலாம். அவங்கவங்க வீட்லேருந்து."

பக்கத்து ஜன்னலில் ஒரு மிக்சி ஓடி நின்றது. சுஃபியான் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை டீப்பாயில் வைத்தான். சரி, மாற்றி மாற்றி ஆடலாம் என்று அவனே ஒரு வழி சொன்னான். முதலில் அவன் முறை.

முதல் பள்ளம் வந்தது. தம்பி கயிற்றை இடுப்பில் கட்டினான். மேலே அண்ணன் நின்றான். இப்போது அவனை ஆட்டுவிப்பது கம்ப்யூட்டர். சுஃபியான் இறங்கினான். கயிறு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வந்தது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. பாதியில் வேண்டுமென்றே குதித்துப் பார்த்தான். பிடித்துக்கொண்டது. மறுபடி குதித்தான். மறுபடியும் பிடித்தது. "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஓர் அன்பான குரல் வேறு சொன்னது. சுஃபியானுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு ஆளே இல்லாமல் ஒருவன் எப்படி மலை ஏறுவான்? தன்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டதைப் போல இருந்தது, அவன் வீட்டிலேயே, அவன் வாங்கிய கேமிலேயே.

"போகப் போக நல்லாருக்கும்" என்றான் சுஃபியான். ஜெயாவுக்கு அலுத்துவிடக் கூடாதே என்ற பயம். ஜாய்ஸ்டிக்கை அவனிடம் நீட்டினான். "நீ ஆடு."

ஜெயா வாங்கி ஆடினான். ஒரு மரப்பாலம் வந்தது. பாலத்தில் கால் வைக்காமல், நின்று, இடது பக்கம் ஒதுங்கினான். அவன் ஒதுங்கியதும் மேலிருந்து ஒரு பாறை விழுந்து பாலம் நொறுங்கியது. சுஃபியான் "ஆத்தாடி" என்றான். அடுத்து ஓர் அருவி. நேரே அருவிக்குள் நுழைந்து, பின்னாலிருந்த குகையில் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அங்கே குகை இருக்கிறது என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை.

சுஃபியான் ஜெயாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். ஜெயாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இதிலெல்லாம் மோப்பம் அதிகம்.

மலையில் ஒரு முகாம் வந்தது. கதைக் காட்சி தொடங்கியது. முதல் பாகத்திலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் வழிகாட்டி வந்த கிழவன், அந்த முகாமில் வைத்து அண்ணனைக் காட்டிக்கொடுத்தான். ஆறு பாகமாக நம்பிய ஆள். சுஃபியான் நிமிர்ந்து உட்கார்ந்து, "டேய், இவனா!" என்று ஜெயாவின் தொடையைத் தட்டத் திரும்பினான்.

ஜெயா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் கிழவன் பேசி முடிக்கும்வரை சுஃபியான் ஜெயாவையே பார்த்தான். பிறகு, சாதாரணமாகக் கேட்டான்.

"எப்ப முடிச்ச?"

ஜெயா போனைக் கவிழ்த்து வைத்தான். பொய் சொல்ல வாய் திறந்ததுபோல் இருந்தது, ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டான். "கேம் வந்த வாரமே மச்சான்."

"வந்த வாரமேவா?"

"ஸ்ம்ருதி அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. வீட்ல தனியா இருந்தேன். சும்மா பத்து நிமிஷம் பாக்கலாம்னுதான் போட்டேன். நிறுத்த முடியல." அவன் சோபாவில் வைத்திருந்த பிளாஸ்டிக் உருண்டையை எடுத்து இன்னும் சின்னதாக உருட்டினான். "நீ உறையக்கூடப் பிரிக்காம வச்சிருக்கேன்னு போட்டோ அனுப்பின. அதப் பாத்த அப்புறம் இங்க வரவே கூச்சமா இருந்துச்சுடா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளம்பணும்னுதான் நினைப்பேன்."

"அப்ப பாப்பாவுக்குக் காய்ச்சல்?"

ஜெயா பிளாஸ்டிக் உருண்டையை டீப்பாயில் வைத்தான்.

சுஃபியானுக்கு முதலில் வந்தது கோபம். வாங்கிய கறியும், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. பிறகு கோபமும் நிற்காமல் போய், வெறும் துக்கம் மட்டும் தங்கியது. தனியாக ஆடினான் என்பதைக்கூட மன்னித்துவிடலாம். இந்த மனிதன் தன்னைப் பார்க்க வராமல் இருந்ததே அந்தப் பாழாய்ப்போன முறையால்தான். சேர்ந்து உட்கார வேண்டும் என்று போட்ட முறை, இத்தனை மாதம் இருவரையும் சேரவிடாமல் பார்த்துக்கொண்டது.

"நல்லாவாவது இருந்திருந்தா பரவால்ல" என்றான் ஜெயா, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "மொக்க கேம் மச்சான். கயிறு பிடிக்கிற வேலையே இல்ல. முடிக்கிறப்போ ஒண்ணுமே தோணல."

"மொக்கன்னு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல? நான் இன்னா கேமையா பாத்துகினு இருந்தேன்? நீ முடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்து சோத்தத் தின்னுட்டுப் போயிருந்தாக்கூட எனக்குப் போதும்டா."

ஜெயா தலையைக் குனிந்துகொண்டான்.

"பழைய பெட்டி பரண்ல கீது" என்றான் சுஃபியான். "ரெண்டாவது பார்ட் போடட்டுமா? ஒரே ஒரு பள்ளம்."

ஜெயா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நிஜமாகவே தவித்தான், அதில் சந்தேகம் இல்லை. "டான்ஸ் கிளாஸ் விட்ருவாங்க மச்சான். நான்தான் கூட்டிட்டு வரணும். இது பொய் இல்லடா."

"தெரியும். கிளம்பு."

ஸ்டேஷன் வரை கூட நடந்தான். சந்தை நாள் என்பதால் தெருவில் கால் வைக்க இடமில்லை. பழைய மிக்சி, பழைய போன், செடித்தொட்டி, கூண்டுக்கிளி என்று தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருந்தார்கள். ஒரு தார்ப்பாயில் வயர் சுற்றிய ஜாய்ஸ்டிக்குகள் குவியலாகக் கிடந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். அப்படியே தாண்டிப் போனார்கள். செங்கல்பட்டு வண்டி வந்ததும் ஜெயா ஏறிக் கதவருகே நின்று, "அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா" என்றான். சுஃபியான் தலையாட்டினான். முன்பெல்லாம் இதை நம்பினான். இப்போது தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுதுவிட்டு வந்து, மிச்சப் பிரியாணியை ஃபிரிட்ஜில் வைத்தான். ஏழாம் பாகத்தின் டிஸ்க்கை எடுத்து அதன் டப்பாவுக்குள் போட்டு மூடினான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினான். வயர்களைச் சிக்கெடுக்கவே வெகுநேரம் ஆனது. டிவி அதை ஏற்றுக்கொண்டது ஆச்சரியம்தான்.

கட்டம் கட்டமான பழைய மலை வந்தது. இருவர் ஆட்டம் என்று அழுத்தினான். திரை இரண்டாகப் பிரிந்தது. தம்பி பள்ளத்தின் விளிம்பில் நின்றான், அண்ணன் கயிற்றோடு பின்னால் நின்றான். வலது கையில் ஒன்றும், இடது கையில் ஒன்றுமாக இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் மடியில் வைத்துக்கொண்டான். இடது கட்டைவிரலால் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். வலது கையால் இறங்கினான். முதலில் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. அடி அடியாக, பாதிப் பள்ளம் வரை நன்றாகவே இறங்கினான். இப்படியே போனால் முழுப் பள்ளமும் தனியாக இறங்கிவிடலாம் போலிருந்தது.

அங்கே நிறுத்தினான். கொஞ்ச நேரம் தம்பியைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கட்டைவிரலை எடுத்தான்.

தம்பி தலைகுப்புற விழுந்தான்.

"டேய்!" என்று சுஃபியான் வாய்விட்டுக் கத்தினான். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. என்ன சண்டை என்று அடுப்படியிலிருந்து யாரும் கேட்கவும் இல்லை.