மழை என்று சொல்லக் கூடாது

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் அவள் கைக்கு வந்தது. போர்முனையிலிருந்து வீட்டாருக்கு 'நலம்' என்று சொல்லி அனுப்பியவர்களின் பெயர்கள், மொத்தம் நாற்பத்தொன்று. வானொலி அறிவிப்பாளரான அவள் ஒலிபரப்புக்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது வழக்கம். அவள் படிக்கவில்லை, தேடினாள். தங்கை கணவனின் பெயர் இன்றும் இல்லை. இது இருபத்து மூன்றாவது நாள்.

அந்த ஒலிபரப்பு அறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுவர் முழுக்கத் தடித்த கம்பளி. பேசினால் குரல் பஞ்சுப் பொதிக்குள் போவதுபோல் போய்விடும். ஒரே ஒரு சன்னல், அதற்கும் இரட்டைக் கண்ணாடி. வெளியே மரங்கள் ஓசையில்லாமல் ஆடும். எதிர் நாற்காலியில் தணிக்கை அதிகாரி, கையருகே ஒரு விசை. அதை அழுத்தினால் ஊர் முழுக்க அவள் குரல் அறுந்துபோகும். அதனால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது, கண்டுகொள்ள மாட்டார். அவருடைய விதிகளில் முதலாவது, வானிலை பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது என்பது. மேகம் எங்கே நிற்கிறது என்று எதிரியின் விமானக்காரன் தெரிந்துகொள்வானாம். ஆகவே போர் தொடங்கிய நாளிலிருந்து வானொலியில் மழையும் பெய்வதில்லை, வெயிலும் அடிப்பதில்லை.

வீட்டில் தங்கைக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேலை. தினமும் மதியம் கணவனின் நீலச் சட்டையைத் துவைத்து மாடிக் கொடியில் போடுவாள். நேற்றுத் துவைத்த அதே சட்டைதான். பிறகு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பட்டியல் முடிந்தாலும் எழுந்திருப்பதில்லை. "இப்படியே உக்காந்திருந்தா இவளையும் பறிகொடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வீட்டுக்கு வந்து தோளைத் தொட்டு, "ரெண்டு வாய் சாப்பிடுடி" என்றால் காதில் விழாது. அதே அக்கா பெட்டிக்குள்ளிருந்து "நேயர்களே" என்றால் தலை நிமிருமாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "நீ நேர்ல வர்றதுக்கு ரேடியோவுலயே குடியிருக்கலாம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக, எல்லோரும் தன் வீட்டுப் பிள்ளைகள் என்பதுபோல நிதானமாக வாசித்தாள். நாற்பத்தொன்றாவது பெயரை முடித்து நிமிர்ந்தபோது சன்னல் கறுத்திருந்தது. யாரோ மை கொட்டியதுபோல ஒரு மேகம், தன் வீடு இருக்கும் பக்கமாக. அந்த நேரத்தில் அறையும் இல்லை, கம்பளியும் இல்லை. தங்கை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மழை வருதுடி. நீலச் சட்டை கொடியில கிடக்கு. எந்திரிச்சுப் போய் எடு."

கத்தரியின் விரல் விசைக்கு மேலே நின்றது. அழுத்தவில்லை. அவரும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்த பிறகு மெல்லக் கேட்டார்: "ஏம்மா, என்ன பண்ணிட்ட?"

"தெரியலை சார். வாய் தானா பேசிடுச்சு."

"நான் ஏன் அழுத்தலைன்னு கேட்டா நான் என்ன சொல்ல? எங்க வீட்டுல இன்னைக்குத்தான் மெத்தை உறையெல்லாம் காயப் போட்டிருக்கு."

பதிவேட்டைத் திறந்தார், பேனாவை மூடினார். "அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம். பெஞ்சா நீ ரகசியத்தைச் சொன்னவ. மேலிடத்துக்கு எழுதணும், உன் வேலை போயிடும். பெய்யலைன்னா நீ சொன்னது பொய். பொய் சொல்லக் கூடாதுன்னு நம்ம விதியில இல்லை."

இருவரும் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மேகம் நகர்ந்ததா, அறைதான் நகர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிகாரம் தண்ணீருக்கு அடியில் ஓடுவதுபோல ஓடியது. ஐந்தடித்தபோது மேகம் நின்ற இடத்தில் நின்றது, சொட்டு விழவில்லை. கத்தரி எழுதினார்: 'அறிவிப்பாளர் எதிரிக்குத் தவறான தகவல் அளித்தார்.' மையை ஊதிக் காயவைத்தார்.

அவள் வீடு திரும்பிய வழியெல்லாம் மாடிக்கு மாடி கொடிகள் வெறுமையாக இருந்தன. "அந்த ரேடியோக்காரி பேச்சைக் கேட்டு மாடிக்கு ஓடினதுல மூச்சு வாங்குது எனக்கு" என்று வாசலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேடியோக்காரியின் முகம் அவர்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

வீட்டில் பெட்டி தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை. மாடிப்படி ஏறினாள். தங்கை கொடிக்கருகே நின்றிருந்தாள், சட்டையை மார்போடு அணைத்தபடி, வானத்தை அண்ணாந்து பார்த்து.

"ஒரு சொட்டு கூட விழலையேக்கா" என்றாள். நாட்கணக்கில் பேசாத குரல் கரகரத்தது. "இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

சட்டையை உதறி மறுபடி கொடியில் போட்டாள். கண்ணுக்கெட்டிய மாடிகளில் எல்லாம் வெறுங்கொடி. இங்கே மட்டும் ஒரு நீலச் சட்டை, கைகளை மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

அக்காவின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் மற்றக் கையால் அதை மூடிக்கொண்டாள்.