பதினொரு நிமிடம் ஆறவிடு

இந்த நாட்டிலேயே கார் தயாரிக்கிறோம் என்று தொழிற்சாலை வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், உண்மையில் தயாரித்தது கால்மிதியும் டூல்ஸ் பையும்தான். மற்றதெல்லாம் கப்பலில், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து, எண்ணைச் சரிபார்த்து, போல்ட்டைப் போட்டு முறுக்கினால் கார். தைத்து வந்த சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவனும் தையற்காரன்தான் என்று சொன்னால் நாம் என்ன செய்ய முடியும்?

அங்கே பரிசோதகராக இருந்தவனுக்குக் கடிகாரம் என்று பெயர் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் அவன் கையில் கடிகாரம் கட்டுகிற வழக்கமே இல்லை. பெயர் வந்தது ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு காலைப் பொழுதில்.

வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், கியர் செய்யும் முறையைச் செய்துகாட்டுவோம் என்று ஒரு வரி இருந்தது. செய்துகாட்டினார்கள், ஒரே ஒரு முறை. கியரின் அளவுகளெல்லாம் வரைபடத்தில் இருந்தன. ஆனால் அதை எவ்வளவு சூடாக்க வேண்டும், எப்படிக் குளிர்விக்க வேண்டும் என்கிற பக்கத்தில் 'பின்னர் தரப்படும்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. அந்தப் பின்னர் இன்றுவரை வரவில்லை. கியரின் பல்லுக்கு உயிரே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் பல் வெண்ணெய் மாதிரி மழுங்கிவிடும்.

அன்று வெளிநாட்டு நிபுணர் வந்தார். உலையை மூட்டினார்கள். ஒன்பது பேரை ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பேனா கூடாது, தாள் கூடாது, போன் கூடாது. நிபுணர் பொத்தான்களை அழுத்தும்போது தன் முதுகால் மறைத்துக்கொண்டார். நம் ஆளுக்குத் தெரிந்தது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே பார்த்தான். உலை மூடியது எப்போது, விளக்கு பச்சையானது எப்போது, கதவு திறந்தது எப்போது என்று ஒவ்வொன்றையும் மனத்தில் குறித்தான். கதவு திறந்ததும் நிபுணர் சிவக்கச் சிவக்க இருந்த கியர்த் தட்டை வெளியே இழுத்துத் தாங்கியில் வைத்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். சரியாகப் பதினொரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, தட்டை எண்ணெய்த் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

மறுநாள் ஒரு கியரைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டி, பல் மழுங்கவில்லை என்று காட்டினார்கள். அதோடு முடிந்தது. உலையைத் துணி போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் மூட்டவே இல்லை. 'தொழில்நுட்பம் வழங்கப்பட்டது' என்று ஒரு பதிவேட்டில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே பார்த்த எதையும் வெளியே சொல்வதில்லை என்று இன்னொரு தாளிலும் போட்டார்கள். கொடுத்ததாகவும் ஆயிற்று, கொடுக்காமலும் ஆயிற்று.

இந்த வருடம் அரசாங்கம் பிடியை இறுக்கியது. கியரை இனி உள்நாட்டில்தான் செய்ய வேண்டும். உள்நாட்டுப் பட்டறை ஒன்றுக்கு மூன்று வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மூன்றிலும் தோற்றால் இன்னும் பத்து வருடம் கப்பலிலேயே வரவழைத்துக்கொள்ளலாம். கம்பெனி தேர்ந்தெடுத்தது அவனுடைய அக்காவின் பட்டறையை. இரண்டு லேத்தும் ஒரு பழைய உலையும் உள்ள இடம். டிராக்டரில் கலப்பையை மாட்டுகிற இரும்பு ஊசிகளைச் செய்துகொண்டிருந்தவள் அவள். அவள் செய்த ஊசி ஒடிந்தது என்று திரும்பி வந்த ஆள் கிடையாது.

"தோக்கிறதுக்குன்னே ஆள் தேடியிருக்காங்கடா. என் மூஞ்சியைப் பார்த்ததும் திருப்தி ஆயிட்டாங்க போல" என்று அக்கா சிரித்தாள். சிரித்தாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான். ஒரு முழுக் கியர், தன் உலையிலிருந்து. கார் ஒன்று தெருவில் போனால் நின்று பார்க்க ஆரம்பித்தாள்.

சொந்தம் என்பதை அவன் எழுதிக் கொடுத்திருந்தான். கம்பெனி அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. சோதிப்பது இயந்திரம், அவன் முடிவில் கையெழுத்துப் போடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் அவன் ஒன்று செய்தான். ஐந்து வருடமாக மண்டைக்குள் பூட்டி வைத்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கொட்டிவிட்டான்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பதினொரு நிமிடம் வந்ததும் தலை நின்றுவிட்டது.

"வெளியே எடுத்து வெச்சு ஆறவிடுறதா? பைத்தியமாடா உனக்கு? சூடு இருக்கும்போதே எண்ணெயில போடணும். ஆறிப்போச்சுன்னா அப்புறம் அது இரும்புக் கொழுக்கட்டைதான்."

"நான் கண்ணால பார்த்தேன்க்கா."

"நான் இருபது வருஷமா கையால பார்க்கிறேன்."

"நீ பண்றது டிராக்டர் ஊசி. இது கார் கியர். அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

அந்த வார்த்தை அவளைத் தைத்தது. அவனுக்கும் அது தெரிந்தது, ஆனாலும் அவன் பின்வாங்கவில்லை. கடல் கடந்து வந்த ஆள், அத்தனை இறுக்கமான முகத்தோடு போய், அத்தனை சரியாகத் திரும்பி வந்தார் என்றால் அதில் ஏதோ சூட்சுமம் இருந்தே தீர வேண்டும் என்று அவன் நம்பினான். கடைசியில் அக்கா கையை உதறிக்கொண்டு, "சரி, நீ படிச்சவன்" என்றாள்.

முதல் கியர் இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் தாங்கியது. இரண்டாவது ஒன்றரை மணி நேரம். தாங்க வேண்டியது ஆறு மணி நேரம். இரண்டிலும் பல் மழுங்கிப் போயிருந்தது. இரும்பு சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று அவன் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னான். பதினொரு நிமிடத்தின் மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்றாவது கியரை மாலை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அன்று காலை கடைசிச் சோதனையை நேரில் பார்க்க அதே நிபுணர் வந்திருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார், முன்னைவிடக் கலகலப்பாகவும் இருந்தார். அவருடைய மொழி அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். சோதனை அறையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு அந்தப் பழைய நாளுக்குப் போனது.

"அன்னைக்கு நடுவுல வெளியே போனீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று அவன் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

நிபுணர் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, அதுவா? என் மனைவி போன் பண்ணினா. சாவியை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திட்டா. தெருவுல நின்னுக்கிட்டு என்னைத் திட்டினா பாருங்க! திரும்பி வந்து பார்த்தா தட்டு ஆறியே போச்சு. அந்தக் கியரையெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டாச்சு. உங்களுக்குச் சோதிச்சுக் காட்டினது ஊர்லேருந்து கொண்டுவந்தது."

அவனும் சிரித்தான். ஒரு பெண் வீட்டுச் சாவியை மறந்ததைத் தொழில்நுட்பம் என்று ஐந்து வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். அதை வைத்து அக்காவின் இரண்டு கியரைக் கெடுத்தாயிற்று. மணி பத்தேகால். பதினொரு மணிக்கு அவள் உலையைத் திறப்பாள்.

போனெல்லாம் வாசலில் ஒப்படைத்தாயிற்று. வேலை நேரத்தில் வெளியே போக மேலாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அவன் மேலாளரின் அறைக்கு ஓடினான்.

"சார், அக்காவுக்கு உடம்பு முடியலை. ஒரு அரை மணி நேரம் போயிட்டு வந்துடறேன்."

மேலாளர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். "அச்சச்சோ. நீங்க ஏன் அலையணும்? கம்பெனி ஆம்புலன்ஸ் அனுப்பறேன், டாக்டரும் போகட்டும்" என்று போனை எடுத்தார்.

"வேண்டாம் சார். ஒரு போன் மட்டும் பண்ணினா போதும்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க உடம்பு முடியலைன்னு? உங்க போன்தான் வாசல்ல இருக்கே?"

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. இன்னொரு பொய் யோசிக்க நேரமும் இல்லை, அவனுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. உண்மையைச் சொன்னான், முழுவதையும் சொன்னான்.

மேலாளர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் தள்ளினார். "இப்பச் சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. எழுதின கையோட போன் பண்ணுங்க" என்றார்.

எழுதினான். கம்பெனி இரகசியத்தை இன்ன தேதியில் இன்ன பட்டறைக்குச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேலாளர் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, போனை அவன் பக்கம் திருப்பினார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. உலை இரைச்சலில் அக்காவுக்குக் கேட்டிருக்காது. ஏழு தடவை அடித்துப் பார்த்தான். பதினொன்றே கால் ஆனதும் போனை வைத்துவிட்டான்.

நான்கு மணிக்குக் கியர் வந்து சேர்ந்தது. அக்கா வாசல் காவலரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதை இயந்திரத்தில் மாட்டும்போது, இது எத்தனை நிமிடத்தில் மழுங்கும் என்பது ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி இருந்த கேள்வி.

ஒன்பதரைக்கும் ஓடியது. பத்துக்கும் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு மணிக்கு இயந்திரம் தானாக நின்றது. ஆறு மணி நேரம் முழுதாக ஓடியிருந்தது. பல்லில் ஒரு கீறல் இல்லை. கப்பலில் வந்த கியரையும் பக்கத்தில் வைத்துக் கடினத்தை அளந்தார்கள், அக்காவுடையது ஒரு படி மேலே இருந்தது.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஆறவிடவில்லை. இரண்டு தடவை தம்பி பேச்சைக் கேட்டவள், மூன்றாவது தடவை தன் கையைக் கேட்டிருக்கிறாள். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னப் பையன் மாதிரி, அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

நிபுணர் மேலாளரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மேலாளர் அவனைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"பிரமாதமான கியர். ஆனா இது எங்க முறையாச்சே. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"இல்லை சார். அவ அதைச் செய்யவே இல்லை. செஞ்சிருந்தா இது தாங்கியிருக்காது. உங்க நிபுணரையே கேளுங்க."

"அவர் ஒரு போன் பேசினதுக்காக எல்லாத்தையும் தப்பா செஞ்சு காட்டினேன்னு எழுதிக் குடுப்பாரா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." மேலாளரின் குரல் தடவிக் கொடுப்பது போல இருந்தது. "இது பாஸ்னு போச்சுன்னா, உங்க கடிதமும் கூடவே கோர்ட்டுக்குப் போகும். திருடின முறைன்னு பட்டறைக்குச் சீல் வைப்பாங்க. டிராக்டர் ஊசிகூடப் பண்ண முடியாது. மூணாவதும் தோத்துதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டா, கடிதம் இழுப்பறையிலேயே கிடக்கும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனா ஒண்ணு, இந்த அறையில பேசினது வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. உங்க அக்காவுக்கும்தான்."

அக்காவின் வாயில் எதுவும் தங்காது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அடுத்த நிமிடம் தொழிற்சாலை வாசலில் நின்று ஊரைக் கூட்டுவாள். அதற்கு அடுத்த நிமிடம் பட்டறைக்குப் பூட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிற மாதிரி, தானே செங்கல் செங்கலாக எடுத்துக் கொடுத்துச் சுவர் கட்டவைத்திருக்கிறான். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பேனாவை வாங்கினான். 'மூன்றாம் சோதனை: பல் மழுங்கியது' என்று எழுதி, கீழே பெயரைப் போட்டான். அத்தனை நல்ல கியரை அவன் வாழ்நாளில் சோதித்ததில்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் போனான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள்.

"எத்தனை மணி நேரம்டா?"

"ஒண்ணுகூடத் தாங்கலை" என்றான்.

அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. இந்தத் தடவை நீ சொன்ன மாதிரி நான் ஆறவிடலை. எடுத்த சூட்டோட எண்ணெயில போட்டுட்டேன். எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு திமிர். நீ அங்கே ராத்திரி பகலாக் கெடந்து கத்துக்கிட்டு வந்து சொன்னதை, நான் கெடுத்துட்டேன்டா. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுட்டேன்."

"அக்கா, அப்படியெல்லாம் இல்லை."

"இல்லாம என்ன? நீ சொன்னபடி செஞ்சது ரெண்டும் கொஞ்சமாவது தாங்குச்சு. என் கையை நம்பினது என்ன ஆச்சு?" அவள் எழுந்தாள். உலைப் பக்கம் போய், மறுநாள் சூடாக்குவதற்காக அடுக்கி வைத்திருந்த டிராக்டர் ஊசிகளைப் பார்த்தாள். ஒரு தட்டு நிறைய இருந்தன. "இத்தனை வருஷமா இதையும் தப்பாத்தான் பண்ணிட்டிருக்கேன் போல. பெரிய பெரிய கம்பெனிக்காரன் சும்மாவா ஆறவிடறான்? நாளையிலேருந்து இதையும் பதினொரு நிமிஷம் வெளியே வெச்சுட்டுத்தான் எண்ணெயில போடப் போறேன்."

"வேண்டாம்க்கா" என்றான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபமே இல்லை, கற்றுக்கொள்கிற பணிவு மட்டும் இருந்தது. அவளை அப்படி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஏன்டா?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.